எந்தக் கொடி, எந்தத் துறைமுகம்: இந்தியக் கடலோர சொகுசுக் கப்பலுக்கு மூன்று வழிகள்

கப்பல் துறைக்கான சட்டங்கள் 2025இல் ஒரேயடியாக மாறின. வணிகக் கப்பல் சட்டம், கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், இந்தியத் துறைமுகங்கள் சட்டம் ஆகிய மூன்றும் அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற ஒப்புதலும் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 செப்டம்பர் 30 அன்று, சொகுசுக் கப்பல் சுற்றுலாவை வளர்க்கும் மத்திய அரசுத் திட்டமான 'க்ரூஸ் பாரத் மிஷன்' மும்பையில் தொடங்கப்பட்டது. 2029க்குள் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. அதன்பின் சொகுசுக் கப்பல் விட நினைப்பவர்கள் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: கப்பலை வெளிநாட்டுக் கொடியிலேயே, அதாவது வெளிநாட்டில் பதிவானதாகவே, ஓட்டுவதா, வாங்கி இந்தியக் கொடிக்கு மாற்றுவதா, புதிய சட்டம் திறந்துவிட்ட குத்தகைப் பதிவு வழியில் போவதா? துறைமுக நகரங்களிலும் இதற்கு இணையாக ஒரு கேள்வி ஓடுகிறது: கப்பல் வந்துபோகும் இடமாக இருப்பதா, பயணம் தொடங்கி முடியும் தாய்த் துறைமுகமாக வளர்வதா?

இவை இரண்டும் தனித்தனி அறைகளில் பேசப்படுகின்றன. அங்கேதான் பிழை தொடங்குகிறது. ஒரு கப்பல் எந்தக் கொடியில் ஓடுகிறது என்பதுதான் அது நம் கரையில் எத்தனை மாதம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மாதக்கணக்கு தெரியாமல் ஒரு நகரம் முனையம் கட்டினால், அந்த முனையம் பாதி ஆண்டு பூட்டியே கிடக்கும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். வரி நான்காவது இடத்துக்கு உரியது. வரிசை இப்படி இருந்தால் முடிவு தெளிவாகும்:

1. பயணத் திட்டம். ஓர் ஆண்டில் எத்தனை இரவுகள் இந்தியத் துறைமுகத்திலிருந்து இந்தியத் துறைமுகத்துக்கு, எத்தனை இரவுகள் கொழும்பு, மாலே போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களைத் தொட்டு? மும்பை–கோவா–கொச்சி என்றால் அது கடலோர வணிகம். சென்னை–அம்பாந்தோட்டை–திருகோணமலை–சென்னை என்றால் வெளிநாட்டுப் பயணம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு உலகங்கள்.
2. மாதங்கள். கப்பல் ஆண்டு முழுதும் இங்கேயே இருக்குமா, பருவத்துக்கு வந்து போகுமா?
3. கடன் கொடுப்பவர். அடமானம் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? வசூலிக்க நேர்ந்தால் எத்தனை மாதத்தில் கப்பலை விற்கலாம்?
4. வரியும் சுங்கமும். வருமான வரி, ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, கப்பல் சேமிப்புப் பொருள்கள் (கப்பலில் வைத்திருக்கும் உணவு, மது, எரிபொருள்) மீதான தீர்வை.
5. மாலுமிகள். யாரை அமர்த்தலாம், அவர்களின் சான்றிதழை யார் ஏற்க வேண்டும்?
6. வெளியேறும் வழி. திட்டம் தோற்றால் கொடியை இறக்கிக் கப்பலை விடுவிக்க எவ்வளவு காலமும் பணமும் ஆகும்?

ஆறாவதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். ஜலேஷ் நிறுவனத்தின் 'கர்ணிகா' 2019 ஏப்ரலில் மும்பையில் பயணம் தொடங்கியது. பெருந்தொற்று வந்தது, 2020இல் நிறுவனம் மூடப்பட்டது, கப்பல் அலாங்கில் உடைக்கப் போனது. ஒரே கப்பலை நம்பிய தொழிலில் ஒரு பருவம் தவறினால் இதுதான் நடக்கும்.

## வழி 1: வெளிநாட்டுக் கொடி

உலகின் சொகுசுக் கப்பல்களில் பெரும்பங்கு பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா ஆகிய கொடிகளில் ஓடுகின்றன. உரிமையாளரின் நாட்டைப் பெரிதாகப் பார்க்காமல் பதிவு தருபவை திறந்த பதிவேடுகள். பயணிகள் கப்பல் நிறுவனங்கள் இவற்றை நாடுவதற்குக் கட்டணம் மட்டும் காரணம் இல்லை. பிரிட்டனின் குனார்டு நிறுவனம் 2011இல் தன் மூன்று கப்பல்களின் பதிவையும் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றியது, கப்பலில் திருமணம் நடத்தும் உரிமையைப் பெறுவதற்காக. கொடி நாட்டின் சட்டமே கப்பலுக்குள் ஓடும் சட்டம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த வழியின் பலம் வேகம். கப்பல் ஏற்கெனவே அந்தக் கொடியில்தான் இருக்கிறது. சான்றிதழ்கள் நடப்பில் உள்ளன, மாலுமிகள் ஏறியிருக்கிறார்கள், கடன் கொடுத்த வங்கிக்கும் அந்தப் பதிவேடு பழக்கமானது. வருமான வரியும் 2024 பட்ஜெட்டுக்குப் பின் கணிக்கக்கூடியதாகிவிட்டது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்ட 44பிபிசி பிரிவு கொண்டுவந்த முறைப்படி, வெளிநாட்டு சொகுசுக் கப்பல் நிறுவனம் பயணிகளிடமிருந்து பெறும் தொகையில் 20 விழுக்காடு லாபமாகக் கருதப்படும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வரி விகிதமும் அதே பட்ஜெட்டில் 40இலிருந்து 35 விழுக்காடாகக் குறைந்தது. பெருக்கிப் பார்த்தால் டிக்கெட் வருமானத்தில் 7 விழுக்காடு. கூடுதல் வரியும் செஸ்ஸும் தனி. லாபமே வராத ஆண்டிலும் இந்த 7 விழுக்காடு போய்விடும் என்பதைத் திட்டக் கணக்கில் தவறாமல் எழுத வேண்டும். புதிய பாதைகளில் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மறைவான செலவு சுங்கத்தில் இருக்கிறது. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணம் தொடங்கியதும் கப்பல் 'கடலோர ஓட்டத்துக்கு' மாறியதாகக் கணக்கு. அந்தக் கணத்தில் கப்பலே இறக்குமதிப் பொருளாகிவிடும். கப்பல் மீது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 5 விழுக்காடு. 200 கோடி ரூபாய் மதிப்புள்ள கப்பலுக்கு 10 கோடி. இந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் 2023 அக்டோபரில் 52ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் ஒரு விலக்கைப் பரிந்துரைத்தது: வெளிநாட்டுக் கொடிக் கப்பல் கடலோர ஓட்டத்துக்கு மாறி ஆறு மாதத்துக்குள் மறுபடி வெளிநாட்டு ஓட்டத்துக்குத் திரும்பினால் வரி இல்லை.

இந்த ஆறு மாதம்தான் நம் துறைமுக நகரங்களின் சொகுசுக் கப்பல் பருவத்தை வடிவமைக்கிறது. கொழும்பைத் தொட்டுவிட்டு வந்தால் கணக்கு தானாகப் புதிதாகிவிடும் என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது. சுங்கத்தில் மாற்றத்துக்கும் மறுமாற்றத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம், சேமிப்புப் பொருள் பட்டியல், எரிபொருள் அளவீடு எல்லாம் பதிவாக வேண்டும். கடைசி வாரத்தில் புயல் வந்து மறுமாற்றம் தள்ளிப்போனால் பொறுப்பு கப்பல் நிறுவனத்தின் தலையில். ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே வெளிநாட்டுப் பயணத்தை அட்டவணையில் வைத்துவிடுவது நல்லது.

சேமிப்புப் பொருள்களிலும் இதே கதை. வெளிநாட்டு ஓட்டத்தில் கப்பலில் உள்ள இறக்குமதி மது, உணவு, எரிபொருள் ஆகியவற்றைத் தீர்வையின்றிப் பயன்படுத்தலாம். கடலோர ஓட்டத்துக்கு மாறியதும் மீதமுள்ள எரிபொருள் உட்பட எல்லாவற்றுக்கும் தீர்வை கட்ட வேண்டும், அல்லது முத்திரையிட்டுப் பூட்ட வேண்டும். மாறும் நாளில் தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்க வேண்டும் என்பதைத் தலைமைப் பொறியாளரும் ஏஜென்டும் முன்பே பேசி வைப்பது பெரும் தொகையை மிச்சப்படுத்தும்.

கடலோர அனுமதியும் நினைவில் இருக்க வேண்டும். இந்தியக் கொடி இல்லாத கப்பல் கடலோர வணிகம் செய்ய, டிஜி ஷிப்பிங் எனப்படும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை. சொகுசுக் கப்பல்களுக்கு 2009 முதல் இதில் தளர்வு கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. தளர்வு என்பது காலவரையறை உள்ள அரசு ஆணை. அதை நிரந்தர உரிமை என்று எடுத்துக்கொண்டு பத்தாண்டுத் திட்டம் போடுவது மணலில் அஸ்திவாரம் போடுவது.

இந்த வழி யாருக்கு: பருவத்துக்கு மட்டும் வந்து சோதிக்க விரும்புபவர்களுக்கு. இலங்கை, மாலத்தீவு, வளைகுடா என்று வெளிநாட்டுத் துறைமுகங்களைத் தொடும் பயணங்களே பாதிக்கு மேல் உள்ளவர்களுக்கு.

## வழி 2: வாங்கி இந்தியக் கொடியில் பதிவது

1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தியக் கப்பல் என்றால் முழு உரிமையும் இந்தியர் கையில் இருக்க வேண்டும். 2025 சட்டம் அதைத் தளர்த்தி, பகுதி உரிமைக்கும், வெளிநாடு வாழ் இந்தியர், ஓசிஐ அட்டைதாரர் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர்) ஆகியோரின் உரிமைக்கும் இடம் வைத்திருக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம்மவர் முதலீட்டைத் திரட்ட நினைப்பவர்களுக்கு இது உண்மையான கதவு. சட்டம் நிறைவேறுவது ஒன்று, ஒவ்வொரு பிரிவும் விதிகளும் நடைமுறைக்கு வருவது இன்னொன்று. விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பிரிவு அமலில் உள்ளது என்பதை டிஜி ஷிப்பிங் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பங்குதாரர் ஒப்பந்தத்தை எழுத வேண்டும்.

இந்தியக் கொடியின் பெரிய பலன், ஆறு மாதக் கெடு கிடையாது. ஆண்டு முழுதும் எந்த இந்தியத் துறைமுகத்திலிருந்தும் எந்த இந்தியத் துறைமுகத்துக்கும் ஓடலாம். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து போகும் பயணிகள் கப்பல்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அதற்கு விலை: இறக்குமதியின்போது 5 விழுக்காடு ஜிஎஸ்டி முழுதாக, முதல் நாளிலேயே.

வரியில் எல்லோரும் சொல்வது டன்னேஜ் வரி. லாபத்தைப் பார்க்காமல் கப்பலின் நிகர டன்னேஜை (பயணிகளுக்கும் சரக்குக்கும் பயன்படும் கொள்ளளவை) வைத்து வருமானத்தைக் கணிக்கும் முறை அது. 30,000 நிகர டன் கப்பலுக்குக் கணக்கு இப்படி: 25,000 டன் வரை நாளொன்றுக்கு 11,770 ரூபாய், அதற்கு மேல் 100 டன்னுக்கு 29 ரூபாய், ஆக 13,220. ஆண்டுக்கு ஏறத்தாழ 48.25 லட்சம் வருமானமாகக் கருதப்படும். வரி 25 விழுக்காடு என்று வைத்தால் 12 லட்சம். இவ்வளவு பெரிய கப்பலுக்கு இது மிகச் சிறிய தொகை.

சரக்குக் கப்பலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சொகுசுக் கப்பலுக்குப் பொருந்தாத இடங்கள் மூன்று உள்ளன.

ஒன்று, நிலத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் தருவதே முதன்மை நோக்கமாகக் கொண்ட கப்பலும், உல்லாசப் படகும் தகுதியுள்ள கப்பல் ஆகாது என்று விதி சொல்கிறது. மிதக்கும் ஓட்டல் என்று விளம்பரம் செய்துவிட்டுப் போக்குவரத்துக் கப்பல் என்று வாதாடினால் மதிப்பீட்டு அதிகாரி அந்த விளம்பரத்தையே எடுத்துக் காட்டுவார். துறைமுகத்தில் நகராமல் நிற்கும் இரவுகளை விற்பது இந்த ஆபத்தை அதிகப்படுத்தும்.

இரண்டு, பயணிகள் கப்பலில் டிக்கெட்டும் கப்பலில் உண்ணும் உணவு, பானமும்தான் மையத் தொழிலாக ஏற்கப்படுகின்றன. கேசினோ, கடைகள், ஸ்பா, கரைச் சுற்றுலாத் தரகு ஆகியவை துணை வருமானம் என்று சொன்னாலும், மைய வருமானத்தில் 0.25 விழுக்காடு வரைதான் அந்த வகைக்கு இடம். மிச்சத்துக்கு வழக்கமான நிறுவன வரி. சொகுசுக் கப்பலின் லாபம் பெரும்பாலும் வருவதே அந்த மிச்சத்திலிருந்துதான்.

மூன்று, டன்னேஜ் வரிக்குள் போனால் 10 ஆண்டு. இடையில் விலகினால் அடுத்த 10 ஆண்டுக்குத் திரும்ப முடியாது. ஒவ்வோர் ஆண்டும் புத்தக லாபத்தில் 20 விழுக்காட்டைப் புதுக் கப்பல் வாங்குவதற்கான ஒதுக்கில் வைக்க வேண்டும், மாலுமிப் பயிற்சிக் கடமையும் உண்டு.

அடுத்து கப்பலின் வயது. இந்தியச் சந்தைக்கு வந்த பெரிய கப்பல்கள் பழையவை. 'கர்ணிகா', 'கோர்டேலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' இரண்டும் 1990இல் கட்டப்பட்டவை. 2023இல் டிஜி ஷிப்பிங் கப்பல்களின் வயது வரம்பு குறித்து ஆணை வெளியிட்டது. பழைய கப்பலை வாங்க முன்பணம் கொடுக்கும் முன், அந்தக் குறிப்பிட்ட கப்பல் எண்ணுக்குப் பதிவு கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலை டிஜி ஷிப்பிங்கிடமிருந்து வாங்கிவிட வேண்டும். வாய்மொழி உறுதி வங்கியில் செல்லாது.

இந்த வழி யாருக்கு: சொந்தப் பணம் அதிகம் உள்ளவர்களுக்கு, ஏழு, எட்டு ஆண்டுகளாவது இந்தியக் கரையிலேயே ஓடப் போகிறவர்களுக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல் திட்டம் உள்ளவர்களுக்கு.

## வழி 3: வெற்றுக் கப்பல் குத்தகையில் இந்தியப் பதிவு

ஆங்கிலத்தில் 'பேர்போட் சார்ட்டர் கம் டிமைஸ்' என்று சொல்லப்படுவது இது. வெளிநாட்டு உரிமையாளரிடமிருந்து மாலுமிகள் இல்லாமல் வெறும் கப்பலைக் குத்தகைக்கு எடுத்து, நம் மாலுமிகளை அமர்த்தி ஓட்டி, குத்தகைக் காலம் முடிந்ததும் கப்பலே நமக்குச் சொந்தமாகும் ஏற்பாடு. இந்தக் குத்தகையில் இருக்கும்போதே இந்தியக் கப்பலாகப் பதிவு செய்ய 2025 சட்டம் வழி வைத்திருக்கிறது. 2025 சீர்திருத்தங்களில் சொகுசுக் கப்பலுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான். 200 கோடியை ஒரே தவணையில் புரட்ட முடியாதவருக்கு இந்தியக் கொடியின் ஆண்டு முழுதுமான சுதந்திரம் கிடைக்கிறது.

இது எப்படி இயங்குகிறது? கப்பலின் உரிமையும் அடமானமும் பொதுவாக மூலப் பதிவேட்டிலேயே தங்கும். கொடி மட்டும் குத்தகைக் காலத்துக்கு மாறும். மூலக் கொடி 'நிறுத்திவைக்கப்பட்ட' நிலையில் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கொடி பறக்கக் கூடாது. ஐநா கடல் சட்ட உடன்படிக்கை அதற்கு இடம் தராது. ஆகவே மூலப் பதிவேடு வெளியே விட ஒப்ப வேண்டும். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள், மால்டா, சைப்ரஸ் போன்றவை இதற்கு விதிமுறை வைத்திருக்கின்றன. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

தகராறு முளைக்கும் இடங்கள்:

- அமைதியான பயன்பாட்டுக் கடிதம். உரிமையாளர் தன் வங்கிக்குத் தவணை கட்டத் தவறினால், நீங்கள் குத்தகையை ஒழுங்காகக் கட்டியிருந்தும் கப்பல் ஜப்தியாகலாம். உங்கள் குத்தகையை மதிப்பதாக உரிமையாளரின் வங்கி நேரடியாக உங்களுக்குக் கடிதம் தர வேண்டும். இல்லாமல் கையெழுத்திடக் கூடாது. பிம்கோ என்ற சர்வதேசக் கப்பல் சங்கத்தின் மாதிரிக் குத்தகைப் படிவமான பேர்கான் 2017இல் தொடங்கினால் பேச்சு எளிதாகும்.
- கப்பலை உலர்துறையில் ஏற்றும் செலவு. குத்தகைக் காலத்தில் பராமரிப்பும், கப்பலின் தரத்தைச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வும் (கிளாஸ் சர்வே) உங்கள் செலவு. பயணிகள் கப்பல் பாதுகாப்புச் சான்றிதழ் 12 மாதமே செல்லும். அடிப்பகுதி ஆய்வும் அடிக்கடி வரும். பழைய கப்பலில் எஃகுத் தகடு மாற்றுவது மட்டும் ஒரு பருவத்தின் லாபத்தை விழுங்கிவிடும். கையேற்பதற்கு முன் உங்கள் சர்வேயர் தொட்டிகளுக்குள் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.
- டன்னேஜ் வரிப் பொறி. டன்னேஜ் வரியில் இருக்கும் நிறுவனம் ஓட்டும் டன்னேஜில் வாடகைக் கப்பல்கள் 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் குத்தகைக் கப்பல்கள் அந்த வரம்புக்குள் எண்ணப்படுவதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் நிறுவனத்துக்குக் குறைந்தது ஒரு தகுதியுள்ள கப்பலாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. ஒரே குத்தகைக் கப்பலோடு தொடங்கும் நிறுவனம் இங்கே தடுக்கி விழும்.
- வாங்கும் கடமை. கடைசித் தவணையில் கப்பல் உங்களுடையதாகும். பதினைந்து ஆண்டு கழித்து உங்கள் கையில் இருக்கப்போவது பழைய கப்பல். உடைப்பு விலையே அதன் மதிப்பு என்று வைத்துத்தான் தவணையைப் பேச வேண்டும்.

குஜராத்தின் கிஃப்ட் நகர் சர்வதேச நிதி மையத்தில் கப்பல் குத்தகை நிறுவனம் அமைத்து அதன் வழியாகக் கப்பலைக் கொண்டுவருவது இந்த வழியின் ஒரு கிளை. 2025 நிலவரப்படி லாப வரி விலக்கு 15 ஆண்டில் 10 ஆண்டுக்குக் கிடைத்தது. ஒரே கப்பலுக்கு இந்த அமைப்பின் நிர்வாகச் செலவு கட்டுப்படியாகாது. மூன்று, நான்கு கப்பல் இருந்தால் ஆலோசிக்கலாம்.

இந்த வழி யாருக்கு: இந்தியப் பயணிகளை நம்பி, குறுகிய கடலோரப் பயணங்களை ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் ஓட்டப்போகிறவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெளிநாட்டுக் கொடி | வாங்கி இந்தியப் பதிவு | குத்தகையில் இந்தியப் பதிவு |
|---|---|---|---|
| முதல் பயணம் வரை ஆகும் காலம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம், மூன்று தரப்புச் சம்மதம் வேண்டும் |
| கடலோர ஓட்டம் | தளர்வு அல்லது உரிமம் | தடையில்லை | தடையில்லை |
| ஜிஎஸ்டி விலக்கின் கெடு | ஆறு மாதம் | பொருந்தாது, முதலிலேயே வரி | ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது |
| வருமான வரி | டிக்கெட் தொகையில் ஏறத்தாழ 7% | டன்னேஜ் வரி, விலக்கங்களோடு | முதல் சொந்தக் கப்பல் வரும்வரை வழக்கமான வரி |
| மாலுமிகள் | கொடி நாட்டு விதி | இந்தியச் சான்றிதழ் | இந்தியச் சான்றிதழ் |
| வெளியேறுவது | எளிது | விற்க வேண்டும் | ஒப்பந்த முறிவு இழப்பீடு |
| நகரத்துக்குக் கிடைப்பது | பருவ வருகை | ஆண்டு முழுதும் | ஆண்டில் பெரும்பகுதி |

மாலுமிகள் வரிசையில் ஒரு குறிப்பு. கடலோர ஓட்டத்தில் இருக்கும் இந்திய மாலுமி எந்தக் கொடியில் இருந்தாலும் இந்தியாவில் இருக்கும் நாட்களாகவே கணக்காகும். வெளிநாடு வாழ் இந்தியர் என்ற வரிச் சலுகை போய்விடும். நல்ல அதிகாரிகள் சம்பளத்தை வரியோடு சேர்த்துக் கேட்பார்கள். இந்தச் செலவைக் கொடி தீர்மானிப்பதில்லை, பாதை தீர்மானிக்கிறது.

## துறைமுக நகரம் எதைத் தேர்ந்தெடுப்பது

வந்துபோகும் துறைமுகம் என்றால் தேவை ஒரு தளமும் நல்ல பேருந்துகளும். 1,500 பயணிகளில் 900 பேர் சுற்றுலா போகிறார்கள் என்றால் 40 இருக்கைப் பேருந்து 23 வேண்டும், எல்லாம் ஒரே மணி நேரத்தில். கொச்சி இதில் முன்னால் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சாகரிகா முனையம் 25.72 கோடி ரூபாயில் முடிந்தது. கிழக்கு–மேற்குக் கடல் வழிக்கு அருகில் இருப்பதால் பருவம் மாறும்போது இடம்பெயரும் உலகக் கப்பல்கள் அங்கே நிற்கின்றன. இந்தக் கப்பல்கள் எல்லாம் வெளிநாட்டுக் கொடி. நம் பதிவுச் சீர்திருத்தம் இவற்றை அசைக்காது.

தாய்த் துறைமுகம் வேறு வகை. காலையில் 1,500 பேர் பெட்டியோடு இறங்க வேண்டும், மாலைக்குள் 1,500 பேர் ஏற வேண்டும், இடையில் அறைகள் சுத்தமாகி, உணவும் குடிநீரும் எரிபொருளும் ஏறி, கழிவு இறங்க வேண்டும். வெளிநாட்டுப் பயணமாக இருந்து, குடிவரவுச் சோதனைக்கு ஆளுக்கு 2 நிமிடம் ஆனால், 20 கவுன்டர் இருந்தால் 1,500 பேருக்கு 150 நிமிடம். 8 கவுன்டர் என்றால் ஆறே கால் மணி நேரம். கப்பல் அன்று நேரத்துக்குப் புறப்படாது. கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கவுன்டரில் உட்கார ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. முனையம் திறக்கும் துறைமுகங்கள் முதலில் குடிவரவுத் துறையோடும் சுங்கத்தோடும் பணியாளர் ஒப்பந்தம் போட வேண்டும்.

விசாகப்பட்டினம் 96.05 கோடியில் முனையம் கட்டி 2023 செப்டம்பரில் திறந்தது. அது போன்ற முதலீட்டுக்கு வருகைக் கட்டணத்தால் மட்டும் ஈடு கிடைக்காது. 2020 ஆகஸ்டில் அறிவித்த முறைப்படி முதல் 12 மணி நேரத்துக்கு மொத்த டன்னேஜ் (கப்பலின் முழுக் கொள்ளளவு) ஒன்றுக்கு 0.085 டாலர், பயணிக்கு 5 டாலர். 48,500 மொத்த டன்னேஜ் கப்பல் 1,500 பயணிகளோடு வந்தால் 4,122 டாலரும் 7,500 டாலரும், ஆக 11,622 டாலர். வருடத்துக்கு 50 வருகை வரை 10, 51 முதல் 100 வரை 20, அதற்கு மேல் 30 விழுக்காடு தள்ளுபடியும் அப்போது அறிவிக்கப்பட்டது. பணம் நகரத்தில்தான் இருக்கிறது: முந்தின இரவு தங்கும் ஓட்டல், டாக்ஸி, காய்கறி, மீன், சலவை, கப்பல் பழுது. இவை தாய்த் துறைமுகத்துக்கே கிடைக்கும், அதுவும் கப்பல் தொடர்ந்து வந்தால்.

பருவத் தாய்த் துறைமுகம் என்பதே சென்னைக்கு இப்போதைக்குச் சரியான இடம் என்று தோன்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கிறது. அப்போது கிழக்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ்: வங்காள விரிகுடாவில் புயல், அரபிக்கடல் பக்கம் பயணப் பருவம். 2022 ஜூனில் 'எம்பிரஸ்' சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியதன் தர்க்கம் இதுதான். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைப் பயணம் தொடங்கியது. ஆக மும்பையும் சென்னையும் ஒரே கப்பலைப் பங்கிடும் துறைமுகங்கள். போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைப்பதைவிட இரண்டும் சேர்ந்து ஓர் இயக்குநருக்குப் பன்னிரண்டு மாத அட்டவணை கொடுப்பது பயன் தரும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு வழி 3தான் பொருந்தும். பாக் நீரிணை பெரிய கப்பலுக்கு ஆழம் போதாததால் இலங்கையைச் சுற்றித்தான் இடம்பெயர வேண்டும். அந்தப் பயணத்தையே கொழும்பு, அம்பாந்தோட்டை நிறுத்தங்களோடு டிக்கெட்டாக விற்கலாம்.

அடுத்த துறைமுகத்தின் அரசியல் சம்மதமும் கணக்கில் வேண்டும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்', கேசினோ குறித்த எதிர்ப்பால் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் திரும்பியது. மத்திய அரசின் கப்பல் அனுமதி வேறு, மாநில அல்லது ஒன்றியப் பிரதேச நிர்வாகத்தின் மதுவிலக்கு, சூதாட்டச் சட்டங்கள் வேறு. இரண்டையும் எழுத்தில் வாங்காமல் அந்த ஊரின் பெயரைப் பயண அட்டையில் அச்சிடக் கூடாது.

## கொடி மாற்ற முடிவெடுத்தால் எங்கே தாமதமாகும்

பதிவாளர் அலுவலகத்தில் ஆகும் தாமதத்தைவிட, கப்பலுக்குள் மாற்ற வேண்டியவற்றை மறப்பதால் ஆகும் தாமதம் அதிகம். கொடி மாறினால் கப்பலின் நிரந்தர அடையாளமான ஐஎம்ஓ எண் மாறாது. ரேடியோ அடையாளமான எம்எம்எஸ்ஐ எண்ணும் அழைப்புக் குறியும் மாறும். பஹாமாஸ் கப்பலின் எண் 308, 309 அல்லது 311இல் தொடங்கும், இந்தியக் கப்பலுடையது 419இல். ஆகவே கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ், அவசர அழைப்புக்கான டிஎஸ்சி ரேடியோ, தொலைதூரக் கண்காணிப்புக்கான எல்ஆர்ஐடி எல்லாவற்றையும் மறுநிரல் செய்து சோதிக்க வேண்டும். அதிகம் மறக்கப்படுவது ஈபிர்ப் என்ற அவசர இருப்பிட அறிவிப்புக் கருவி. அதில் பழைய எண்ணே இருந்தால் ஆபத்து அழைப்பு தவறான நாட்டின் மீட்பு மையத்துக்குப் போகும். சர்வேயர் இதைக் கண்டால் கப்பல் நகராது.

பெயரும் பதிவுத் துறைமுகமும் பின்புறத்தில் மாற வேண்டும், உயிர்காப்புப் படகுகளிலும் வளையங்களிலும் கூட. பெரிய கப்பலில் அது பல நாள் வேலை. பாதுகாப்பு மேலாண்மை, கப்பல் காவல், மாலுமி நலச் சான்றிதழ்கள் முதலில் இடைக்காலமாக ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் முழுத் தணிக்கை முடிய வேண்டும். எரிபொருள் மாசு, சிதைவு அகற்றல் ஆகியவற்றுக்கான காப்பீட்டுச் சான்றிதழ்களைப் புதிய கொடி நாடு மறுபடி வழங்க வேண்டும். கப்பல் உரிமையாளர்களின் காப்பீட்டுச் சங்கமான பி அண்ட் ஐ கிளப்பிடமிருந்து, காப்பீடு இருப்பதை உறுதிசெய்யும் நீல அட்டையை முன்பே கேட்டு வைத்தால் ஒரு வாரம் மிச்சம். அதிகாரிகளின் சான்றிதழுக்குக் கொடி ஒப்புதல் விண்ணப்பித்த ரசீதோடு மூன்று மாதம் வரை பணிபுரியலாம் என்ற சர்வதேச விதி உண்டு. அந்த மூன்று மாதமும் நம் பருவத்தின் நடுவில் முடிவதுபோல் விண்ணப்பிப்பது பெரும் தவறு.

வரிசை இது: வகைப்பாட்டுச் சங்கத்தின் முன்சர்வே, டிஜி ஷிப்பிங்கின் கொள்கை ஒப்புதல், அடமானதாரர் சம்மதம், பெயர் ஒப்புதல், டன்னேஜ் சான்றிதழ், மூலப் பதிவேட்டின் நீக்க அல்லது நிறுத்திவைப்புச் சான்றிதழ், செதுக்குக் குறிப்பு (பதிவு எண்ணையும் டன்னேஜையும் கப்பலில் பொறிப்பதற்கான ஆணை), பதிவுச் சான்றிதழ், அதன்பின் சுங்கம். நீக்கச் சான்றிதழ் கையில் வரும்வரை புதிய கொடி ஏறாது. அந்த இடைவெளியில் கப்பல் கொடியில்லாமல் நின்றால் காப்பீடும் செல்லாது. ஆகவே நீக்கமும் புதிய பதிவும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில், இரு பதிவாளர்களும் தொலைபேசியில் இருக்கும்போது நடக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள். ஏதேனும் ஒரு பக்கம் விடுமுறை நாள் குறுக்கிட்டால் முழு ஏற்பாடும் தள்ளிப்போகும். டிக்கெட் விற்பனையை அந்த நாளுக்கு ஆறு வாரம் கழித்துப் புறப்படும் பயணத்திலிருந்து மட்டும் திறக்க வேண்டும்.